மீ போக்கா, குவே தியாவா? சிங்கப்பூரின் சீன நூடல்ஸ் கடையில் நிம்மதியாகச் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

உணவங்காடி நிலையத்துக்குள் (ஹாக்கர் சென்டர்) நுழைந்ததும் நம்மவர்களில் பலர் நேராகப் பிரியாணிக் கடைக்கோ தோசைக் கடைக்கோ போய்விடுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு சீன நூடல்ஸ் கடையில் ஆவி பறந்துகொண்டிருக்கும், வாசனை இழுக்கும். ஆனாலும் எதில் என்ன கலந்திருக்கிறதோ, எப்படிக் கேட்பதோ, பின்னால் வரிசை நிற்கிறதே என்ற தயக்கம் காலைப் பின்னால் இழுத்துவிடும். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டுமல்ல, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்தத் தயக்கம் உண்டு.

அதைத் தீர்க்க ஒரு பழக்கம் போதும். பலகையில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள். அடுப்பில் கொதிக்கும் பானையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் பானை

சீன நூடல்ஸின் உயிர் அதன் சாற்றில் இருக்கிறது. மேலே வைக்கும் மீன் உருண்டையையோ கோழித் துண்டையோ எடுத்துவிடலாம், சாற்றை எடுக்க முடியாது. பெரும்பாலான கடைகளில் அந்தச் சாறு பன்றி எலும்பிலும் நெத்திலியிலும் கொதித்தது. இறால் மீ (மீ என்றால் நூடல்ஸ்) கடையில் இறால் தலையும் ஓடும் பன்றி எலும்போடு சேரும். பான் மியென் கடையில் நெத்திலி வாசனை தூக்கலாக இருக்கும். மாட்டிறைச்சி நூடல்ஸ் கடையில் சொல்லவே வேண்டாம். ஆகவே "இறைச்சி போடாமல் வெறும் காய்கறி மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்று சாதாரணக் கடையில் கேட்டால் கிண்ணத்தில் இறைச்சித் துண்டு இருக்காது, இறைச்சிச் சாறு இருக்கும். கடைக்காரர் ஏமாற்றுவதில்லை. நீங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுக்கிறார்.

சாற்றுக்கு அடுத்தபடி எண்ணெய். பாக் சோர் மீ (கொத்திய பன்றி இறைச்சி நூடல்ஸ்), வான்டன் மீ (இறைச்சி அடைத்த சிறு கொழுக்கட்டையோடு வரும் நூடல்ஸ்), சார் குவே தியாவ் (வறுத்த அரிசி நூடல்ஸ்) கடைகள் பலவற்றில் பன்றிக் கொழுப்பை உருக்கிய எண்ணெயும் அதில் பொரிந்த சிறு துண்டுகளும் சேரும். மீன் உருண்டை நூடல்ஸ் என்று பெயர் இருந்தாலும் சாஸில் இந்த எண்ணெய் இருக்கலாம். மூன்றாவது சில்லி: சம்பல் வகைகளில் பெலாச்சான் எனும் இறால் விழுதும் கூனி எனும் சிறு இறாலும் அரைபடும். சாறு, எண்ணெய், சில்லி ஆகிய இந்த மூன்றையும் விசாரித்துவிட்டால் கடையில் ஒளிந்திருப்பது அநேகமாக எதுவும் இல்லை.

நூடல்ஸ் வகையைத் தேர்ந்தெடுப்பது

வரிசையில் உங்கள் முறை வந்ததும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "வாட் நூடல்?" என்பதுதான். அங்கே நின்று யோசிக்காமல் இருக்க, முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டியில் எல்லாமே குவித்து வைத்திருப்பார்கள், விரலால் சுட்டினாலும் போதும்.

மீ போக் என்பது நாடா போலத் தட்டையான முட்டை நூடல்ஸ். மீ கியா அதன் மெல்லிய உருண்டை வடிவம். இரண்டும் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், சாஸைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் மீ தடித்தது. நம் தமிழ் முஸ்லிம் கடைகளில் சாப்பிடும் மீ கோரெங்கிலும் இதே மஞ்சள் மீதான். சீனர்களின் நூடல்ஸை எடுத்து நம்மவர்கள் தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கோடு புரட்டி இந்த ஊருக்கே உரிய ஓர் உணவாக்கிவிட்டார்கள். அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த வகை ஏற்கெனவே அறிமுகம்.

இந்த மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூள் காரணமல்ல. மாவு பிசையும்போது நம் அப்பளக்காரத்துக்கு உறவான ஓர் உப்பைக் கரைத்துச் சேர்க்கிறார்கள். அந்தக் காரத்தன்மை மாவின் நிறத்தை மாற்றும், இழைக்கு இழுவையையும் கொடுக்கும். சிலர் நிறமும் சேர்ப்பதுண்டு. சரியாக அலசாமல் கொடுத்தால் சோடா நெடி அடிக்கும். நல்ல கடைக்காரர் அந்த நெடியை மிச்சம் வைக்க மாட்டார்.

அரிசி மாவில் செய்தவை வேறு. குவே தியாவ் அகலமான வெள்ளை நாடா, வழுவழுப்பானது. பீ ஹூன் அரிசி சேமியா. தடித்த பீ ஹூன் லக்சாவுக்கும் இறால் மீக்கும் போகும். முட்டை வேண்டாதவர்கள் இந்த அரிசி வகைகளைக் கேட்பது பாதுகாப்பு. மீ சுவா மிக மெல்லிய கோதுமை இழை, சூப்பில் போட்டதும் குழைந்துவிடும். காய்ச்சல் வந்த நாளில் அதற்கு ஈடில்லை. பான் மியென் கடையில் மாவைத் தட்டித் தட்டையாக வெட்டிப் போடுவார்கள். கையால் பிய்த்துப் போடுவதற்கு மீ ஹூன் குவே என்று பெயர். கூடவே தவசிக்கீரையும் வறுத்த நெத்திலியும் வரும்.

முதல்முறை போகிறவருக்கு என் பரிந்துரை: சூப் என்றால் குவே தியாவ் அல்லது பீ ஹூன், ட்ரை என்றால் மீ போக்.

சூப்பா, ட்ரையா

அடுத்த கேள்வி இது. சூப் என்றால் எல்லாம் ஒரே கிண்ணத்தில் மிதக்கும். ட்ரை என்றால் சாஸில் புரட்டிய நூடல்ஸ் தனியாகவும் சிறு கிண்ணத்தில் சூப் தனியாகவும் வரும். வயதான கடைக்காரர்களிடம் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் "டா" என்றால் ட்ரை, "தங்" என்றால் சூப். ஆங்கிலமே போதும், ஆனாலும் "மீ போக் டா" என்று கேட்டால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

ட்ரை கேட்கிறவர்கள் சமையல்காரரின் வேலை ஒழுங்கைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் முதலில் தொடுவது நூடல்ஸை அல்ல, கிண்ணத்தை. சில்லி, சோயா, கறுப்பு வினிகர், எண்ணெய் எல்லாம் அடியில் விழுந்துவிடும். பிறகுதான் நீண்ட கைப்பிடி வடிகட்டியில் நூடல்ஸை எடுத்துக் கொதிநீரில் சில விநாடிகள் முக்கி, பல கடைகளில் குளிர்நீரில் ஓர் அலசு அலசி, மறுபடி கொதிநீரில் காட்டி, உதறிக் கிண்ணத்தில் கொட்டிப் புரட்டுவார். அலசுவதால் இழை குழையாமல் துள்ளலாக நிற்கும். ஆக, "சில்லி வேண்டாம்", "கொழுப்பு வேண்டாம்" என்பதையெல்லாம் சொல்ல உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவர் கிண்ணத்தை எடுக்கும்வரைதான். காசு கொடுக்கும்போது சொன்னால் ஒரு கிண்ணம் வீணாகும்.

ஆகவே ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள். வகை, டா அல்லது சூப், சில்லி, வேண்டாதது, இங்கேயா பொட்டலமா என்ற இந்த வரிசை எல்லாக் கடைக்கும் பொருந்தும். "அங்கிள், ஒன் மீ போக் ட்ரை, லெஸ் சில்லி, நோ லார்ட், ஹேவிங் ஹியர்." அவ்வளவுதான். லார்ட் என்பது பன்றிக் கொழுப்பு. ஆணென்றால் அங்கிள், பெண்ணென்றால் ஆன்ட்டி. இந்த ஊரில் எல்லா இனத்தாரும் அப்படித்தான் அழைக்கிறார்கள், அதில் மரியாதையும் உண்டு, உரிமையும் உண்டு. "நோ சில்லி" என்று சொன்னால் பல கடைகளில் அதற்குப் பதிலாகக் கெச்சப் ஊற்றிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். உங்களுக்கு வேண்டாமென்றால் "நோ கெச்சப்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சீனாவிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்குச் சில வேளை ஆங்கிலம் வராது. மாண்டரினில் "பூ யாவ் லா" என்றால் சில்லி வேண்டாம். "பூ யாவ் ரோ" என்றால் இறைச்சி வேண்டாம். "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம். உச்சரிப்பு கொஞ்சம் பிசகினாலும் தலையை ஆட்டிப் புரிந்துகொள்வார்கள்.

சைவர்களுக்கு

சைவர்கள் சாதாரண நூடல்ஸ் கடையில் சமரசம் செய்துகொள்ளத் தேவையே இல்லை. சீனர்களுக்கே உரிய பௌத்த சைவச் சமையல் இங்கே வேரூன்றி இருக்கிறது. பெரும்பாலான உணவங்காடி நிலையங்களிலும் பேட்டைக் காப்பிக்கடைகளிலும் ஒரு சைவக் கடையாவது இருக்கும். பலகையில் தாமரையோ சுவஸ்திகச் சின்னமோ வரைந்திருப்பதைப் பார்க்கலாம். காலை வேளையில் அங்கே போனால் வறுத்த பீ ஹூன் மலைபோலக் குவிந்திருக்கும். அதன்மேல் முட்டைக்கோஸ், பொரித்த தாவ்ஃபூ (சோயாப்பால் கட்டி) தோல், கோதுமைப் பசையத்திலும் சோயாவிலும் செய்த போலி இறைச்சி. பார்க்க இறைச்சி போலவே இருப்பதால் சிலருக்கு மனம் ஒப்பாது. அவர்கள் கீரையும் காளானும் மட்டும் சுட்டிக் காட்டி வாங்கிக்கொள்ளலாம், கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார்.

இந்தக் கடைகளில் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் இருப்பது பௌத்த மரபு. நம் வீடுகளில் விரத நாளில் வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. சீன நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அவை அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே வரும். அமாவாசை விரதக்காரர் சைவக் கடைக்குப் போனால் முன்னால் சீனப் பாட்டிகள் நீள வரிசையில் நிற்பார்கள். மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடவும் கூடும், அன்று கொஞ்சம் சீக்கிரம் போங்கள்.

விசாரிக்க வேண்டியவை இரண்டு. முட்டை: சில சைவக் கடைகளில் முட்டை உண்டு, மஞ்சள் நிற முட்டை நூடல்ஸும் உண்டு. அதற்குப் பதில் பீ ஹூன் கேளுங்கள். போலி இறைச்சி: சில வகைகளில் முட்டை வெள்ளைக்கருவோ பாலோ பிடிமானத்துக்குச் சேரும். முழுச் சைவர்கள் தாவ்ஃபூவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஓர் இடம் சொல்ல வேண்டுமென்றால் மிடில் சாலையில் உள்ள ஃபார்ச்சூன் சென்டர். சைவ உணவுக் கடைகளுக்குப் பெயர்பெற்ற கட்டடம் அது. அருகே வாட்டர்லூ ஸ்திரீட்டில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம்மின் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. குவான் இம்மை வணங்கிய சீனர்கள் அப்படியே வந்து கிருஷ்ணருக்கும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். கோயிலுக்குப் போகிற நாளில் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். புரட்டாசி முழுக்க வீட்டில் சாம்பாரும் ரசமும் மாறி மாறி வந்தால், ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போய் வரலாம்.

ஹலாலும் மாட்டிறைச்சியும்

"நோ போர்க், நோ லார்ட்" என்ற பலகையை ஹலால் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பன்றி இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா, இறைச்சி ஊறவைக்கச் சீன அரிசி மது சேர்ந்ததா என்பதற்கு அந்தப் பலகை பதில் சொல்லாது. முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உறுதி.

சீன நூடல்ஸ் ஹலாலாக வேண்டுமென்றால் லான்சோ லா மியென் கடைகளைத் தேடலாம். சீனாவின் வடமேற்கில் உள்ள ஹுய் முஸ்லிம்களின் மரபில் வந்தது இந்தக் கைநூடல்ஸ். மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, கண்ணெதிரிலேயே ஒரு கட்டி மாவை நூற்றுக்கணக்கான இழைகளாக்கிவிடுவார்கள். எல்லாக் கடைகளும் சான்றிதழ் பெற்றவை அல்ல, பார்த்துவிட்டு உட்காருங்கள்.

இங்கேதான் இந்துக்கள் கவனிக்க வேண்டும். லான்சோ கடையின் பானையில் கொதிப்பது மாட்டெலும்புச் சாறு. மேலே கோழி போட்டாலும் அடியில் அதே சாறுதான். முஸ்லிம் நண்பருக்கு நிம்மதியான கடை மாட்டிறைச்சி தவிர்ப்பவருக்குச் சிக்கலாகலாம். சேர்ந்து போகிறவர்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள். தக்காளி முட்டை நூடல்ஸை ட்ரையாகச் செய்து தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் உணவங்காடி நிலையத்துக்குப் போய் அவரவர் கடையில் வாங்கி ஒரே மேசையில் சாப்பிடுவது எல்லோருக்கும் நல்லது.

எந்தக் கடையில் எது

பாக் சோர் மீ, சீனர்களில் ஒரு பிரிவினரான தியோசியூ மக்களின் உணவு. கொத்திய பன்றி இறைச்சி, காளான், கறுப்பு வினிகர். புளிப்பும் உறைப்பும் சேர்ந்து வருவதால் புளிக்குழம்பு நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். குரோஃபர்ட் லேனில் உள்ள ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா கடைக்கு 2016-ல், உணவகங்களை மதிப்பிடும் மிஷெலின் வழிகாட்டி சிங்கப்பூரில் முதன்முதலாக வெளியானபோதே, ஒரு நட்சத்திரம் கிடைத்தது. வரிசை நீளம். பொறுமை இல்லாதவர்கள் தங்கள் பேட்டைக் கடையிலேயே தொடங்கலாம். பன்றி ஈரல் வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வான்டன் மீ கான்டனீஸ் வழி. கூடவே வரும் வினிகரில் ஊறிய பச்சை மிளகாயை மிச்சம் வைக்காதீர்கள், பாதிச் சுவை அதில் இருக்கிறது. ஹொக்கியன் மீ மஞ்சள் மீயையும் பீ ஹூனையும் இறால் சாற்றில் ஊறவிட்டு வறுத்தது. எலுமிச்சையைப் பிழிந்து, சம்பலைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். லோர் மீயின் கெட்டியான கறுப்புக் குழம்பு பார்க்கப் பயமுறுத்தும். பூண்டும் வினிகரும் கலந்ததும் ருசி மாறிவிடும்.

பன்றியும் மாடும் தவிர்த்து மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மீன் துண்டு சூப் பீ ஹூன். இஞ்சி, தக்காளி, கீரையோடு தெளிவான சூப். விரும்பினால் இனிப்பில்லாத கெட்டிப் பாலும் (எவாப்பரேட்டட் மில்க்) ஊற்றுவார்கள். சாறு மீன் எலும்பு மட்டும்தானா, பன்றி எலும்பும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லக்சாவைத் தேங்காய்ப்பால் வாசனைக்காகவே நம்மவர்கள் விரும்புவார்கள். கூனியும் மட்டியும் அதில் உண்டு. காத்தோங் வட்டார வகையில் நூடல்ஸை வெட்டியே போடுவதால் கரண்டியால் மட்டும் அள்ளிச் சாப்பிடலாம்.

எதையும் முடிவு செய்ய முடியவில்லையா? யோங் தாவ் ஃபூ கடைக்குப் போங்கள். கிண்ணத்தை எடுத்து, கண்ணால் பார்த்து, வேண்டியதை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தால் வேகவைத்து நூடல்ஸோடு தருவார்கள். கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய் எல்லாம் இருக்கும், உள்ளே மீன் பசை அடைத்திருக்கும்.

இடமும் காசும் தட்டும்

கூட்ட நேரத்தில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ இருந்தால் அது ஆள் வைத்த இடம், உட்காராதீர்கள். நீங்களும் அப்படி வைத்துவிட்டு வரிசைக்குப் போகலாம். மேசை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் கொண்டுவந்து தருவார்கள், செல்ஃப் சர்வீஸ் என்று எழுதியிருந்தால் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பானம் தனிக்கடை.

உணவங்காடி நிலையத்தில் ஒரு கிண்ணம் சுமார் 4 முதல் 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பேநவ், நெட்ஸ் ஆகிய மின்கட்டண வசதிகள் பல கடைகளில் உண்டு. ஆனால் வயதானவர்கள் நடத்தும் கடைகளில் ரொக்கம் மட்டுமே இருக்கலாம், பத்து வெள்ளி நோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். பல நூடல்ஸ் கடைகள் காலையில் திறந்து பிற்பகலுக்குள் மூடிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு நம்பிப் போகாதீர்கள்.

சாப்பிட்டபின் தட்டையும் கிண்ணத்தையும் திருப்பி வைப்பது சட்டம். உணவங்காடி நிலையங்களில் 1 செப்டம்பர் 2021 முதலும் காப்பிக்கடைகளிலும் உணவுக் கூடங்களிலும் 1 ஜனவரி 2022 முதலும் அமலாக்கம் நடக்கிறது. பயன்படுத்திய டிஷ்யூவை விட்டுப்போவதும் குற்றம்தான். முதல்முறை எழுத்து வழி எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு இருந்தால் மாற்றி வைக்காதீர்கள். அது மற்றவரின் நம்பிக்கையை மதிப்பது.

குளிரூட்டிய உணவகம் என்றால்

கடைத்தொகுதியில் உள்ள சீன நூடல்ஸ் உணவகத்தில் உட்கார்ந்ததும் வேர்க்கடலை, ஊறுகாய், ஈரத் துண்டு மேசைக்கு வரும். இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள், கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் தொடாமல் உடனே திருப்பிக் கொடுக்கலாம். சீனத் தேநீருக்கும் பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 20 வெள்ளி பட்டியலில் இருந்தால் கையிலிருந்து போவது 23 வெள்ளி 98 காசு. பலர் சேர்ந்து போனால் நூடல்ஸை ஆளுக்கு ஒன்றாக வாங்காமல், பெரிய தட்டு வறுத்த நூடல்ஸ் ஒன்றும் கீரை ஒன்றும் சொல்லிப் பகிர்ந்துகொள்வது வழக்கம். பொதுத் தட்டிலிருந்து எடுக்கத் தனிக் கரண்டி கேளுங்கள்.

சாப்பிடும் விதம்

ட்ரை நூடல்ஸ் கைக்கு வந்ததும் படம் பிடிப்பதை ஒத்திப்போடுங்கள். ஓரிரண்டு நிமிடம் விட்டாலே இழைகள் ஒட்டிக்கொள்ளும். குச்சியை அடிவரை விட்டு, கீழே கிடக்கும் சாஸை மேலே தூக்கிப் புரட்டுங்கள். வலக்கையில் குச்சி, இடக்கையில் கரண்டி. நூடல்ஸைக் கரண்டியில் சுருட்டி வைத்து வாய்க்குக் கொண்டுபோனால் சட்டையில் தெறிக்காது. உறிஞ்சும் சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முள்கரண்டி கேட்பதிலும் வெட்கமில்லை, கடையில் இருக்கும். குச்சியை மட்டும் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்கு ஊதுபத்தி குத்தி வைப்பதை அது நினைவூட்டும் என்பதால் சீனர்கள் அதைத் தவிர்ப்பார்கள். முடித்ததும் கிண்ணத்தின் குறுக்கே படுக்க வையுங்கள்.

பொட்டலம் கட்டும்போது

"தா பாவ்" என்று சொன்னால் கட்டிக் கொடுப்பார்கள், டப்பாவுக்குச் சில காசு கூடுதலாகும். சூப் நூடல்ஸ் என்றால் சூப்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீடு சேர்வதற்குள் இழை ஊதிவிடும். ட்ரை மீ போக் பயணத்துக்கு ஆகாது, கட்டியாகிவிடும். தூரம் போகிறவர்கள் வறுத்த பீ ஹூன் வாங்குங்கள். ட்ரைதான் வேண்டுமென்றால் சாஸ் கொஞ்சம் கூடுதலாக ஊற்றச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் கூட வந்த சூப்பில் இரண்டு கரண்டி விட்டுக் கிளறினால் இழைகள் பிரிந்துவிடும்.